ஜப்தி அறை ரசூல் பாய்

நடுவிரலை மடக்கிக் கணுவால் ஒரு தட்டு. காதைக் கொஞ்சம் சாய்த்து, ஓசை அடங்கும்வரை நிற்பார். பிறகு அடுத்த பாத்திரம். வரியாபீஸின் பின்னறையில் தினமும் காலை எட்டு மணிக்கு இந்தக் கச்சேரி நடக்கும். தவலை, கங்காளம், அண்டா, கொப்பரை என்று வரிசையாக நிற்கும் பித்தளைக்கு நடுவே, காக்கிக் கோட்டும் மார்புக்குக் குறுக்கே டவாலியும் அதில் பளபளக்கும் பித்தளைப் பில்லையுமாகக் குலாம் ரசூல் நடந்து போவார். “சிங்காரம் வூட்டுத் தவலை, நல்லாகீது. மனோரமாம்மா அண்டா, நல்லாகீது. துரைக்கண்ணு கொப்பரை... இன்னாடா ஒனக்கு, தொண்டை கட்டிகிச்சா?” என்று அதைத் தலைகீழாகப் புரட்டி, அடியில் மயிரிழை போல ஓடும் விரிசலை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

ரிஜிஸ்தரில் அதற்கெல்லாம் பெயர் கிடையாது, நம்பர்தான். அதையும் தெலுங்கில் எழுதியிருப்பார்கள். ரசூல் பாய்க்குத் தெலுங்கு பேச்சு சரளம், எழுத்து சுத்தமாக வராது. அதனால் நம்பரை அவர் மதிப்பதில்லை. வீட்டுப் பெயர் சொல்லிக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைப்பார்.

அந்த அறையில் இருந்த எதுவும் விலைக்கு வாங்கியதல்ல. வீட்டு வரியும் வண்டி வரியும் கட்டாதவர்களின் வீட்டிலிருந்து ஜப்தி செய்து கொண்டுவந்தவை. மூன்று நோட்டீஸ் போயும் வரி வராவிட்டால் நான்காவதாகக் காகிதம் போகாது. ரசூல் பாய் போவார். ரைட்டர் பரந்தாமன் குடையை விரித்தபடி தெருவிலேயே நின்றுகொள்ள, இவர் வாசலில் நின்று தொண்டையைக் கனைப்பார். இருபத்தாறு வருஷத்தில் திருத்தணியில் எத்தனையோ பெண்களுக்கு அந்தக் கனைப்பு அடிவயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறது. ஆனால் ஒருத்தியாவது அவர்மேல் மண்ணை வாரித் தூற்றியதாகப் பேச்சில்லை. சாபமெல்லாம் ரைட்டருக்குத்தான். குடை பிடித்து நின்றதைத் தவிர அந்த மனுஷன் செய்த பாவம் ஒன்றுமில்லை.

ஜப்திக்கென்று ரசூல் பாயிடம் ஒரு சட்டம் உண்டு. எந்தத் துரையும் எழுதிக் கொடுத்ததல்ல. “யம்மா, அடுப்பு மேல கீறத நான் தொடமாட்டேன். தண்ணி மொள்ற கொடத்தையும் தொடமாட்டேன். வருசத்துல ஒருக்கா பரண்லேர்ந்து எறக்கற சாமான் எதுனா இருந்தா நீயே எடுத்தாந்து குடு. நான் உள்ள வரல” என்பார். அவளும் எடுத்துக்கொண்டு வருவாள். தலைப்பால் துடைத்து, உள்ளே ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைப் போட்டு, கையில் கொடுக்காமல் கீழே வைப்பாள்.

மஞ்சள் துண்டு சும்மா இல்லை. இந்தப் பக்கத்தில் இரவல் போகிற பாத்திரத்துக்கு அது வேண்டாம், திரும்பி வந்துவிடும். வீட்டைவிட்டு ஒரேயடியாகப் போகிற பாத்திரம் மட்டும் வெறுமனே வாசல் தாண்டக்கூடாது. விற்றாலும் சரி, மகளுக்குச் சீராகப் போனாலும் சரி, ஒரு மஞ்சள் துண்டாவது உள்ளே கிடக்க வேண்டும். ஜப்திக்குப் போனதும் அப்படித்தான், வந்தால் வந்தது. ஒரு தடவை ரைட்டர் பரந்தாமன் குப்பை என்று நினைத்து அத்தனை மஞ்சளையும் கூட்டித் தள்ளிவிட்டார். ரசூல் பாய் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ரைட்டரே முறத்தை வைத்துக்கொண்டு குப்பைமேட்டில் குந்தி, பொறுக்கிக்கொண்டுவந்து திரும்பப் போட்ட பிறகுதான் இவர் வாயைத் திறந்தார்.

ஏலம் என்று ஒன்று உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை தமுக்கு அடிப்பார்கள், ஊரும் வந்து உட்காரும். வெற்றிலை போடும், பேசும், சிரிக்கும். ஒருத்தன் வாய் திறந்து விலை கேட்கமாட்டான். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை ஏலத்தில் எடுத்து ஆக்கினால் சோறு வயிற்றில் தங்காது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவன் வந்து ஒரு அண்டாவை எடுத்தான். எடுத்தானே தவிர ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக ஒரு ஜட்கா கிடைக்கவில்லை. குதிரைக்குக் கால் வலி என்றான் ஜட்காக்காரன் சிங்காரம். அத்தனை குதிரைக்கும் அன்றைக்கே கால் வலி. வெயிலில் அண்டாவைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பிவந்து, “நீயே வெச்சுக்கய்யா” என்று போட்டுவிட்டுப் போனான். அப்படித்தான் அந்த அறை நிறைந்தது.

பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பார். புளி அவர் வீட்டுப் புளி. “கொழம்புக்கு ஊத்த புளி இல்ல, சர்க்காரு அண்டாக்குப் புளி கீதா?” என்று அவர் மனைவி ரோஷன் பீ சத்தம் போடுவாள். “பொறந்த வூட்டு விருந்தாளிங்க மாதிரி அதுங்க. வந்த எடத்துல கறுத்துப்போச்சுன்னா நமக்குத்தானே அசிங்கம்?” என்பார். ரோஷன் பீயின் வீட்டிலும் விருந்தாளி மாதிரி ஒரு பாத்திரம் உண்டு. தாய்வீட்டில் கொடுத்த, ஈயம் பூசிய செம்புத் தேக்சா. பெருநாளுக்குப் பெருநாள்தான் பரணிலிருந்து இறங்கும். அதை அவள் யாருக்கும் இரவல் தந்ததில்லை. அக்கம்பக்கத்தில் அதற்காகவே அவளைக் கஞ்சம் என்பார்கள்.

இனிச் சொல்லப்போவது ரைட்டருக்குத் தெரியாத சங்கதி. தெரிந்தும் தெரியாததுபோல இருந்தார் என்பாரும் உண்டு.

பின்னறைக்குச் சந்துப் பக்கமாக ஒரு கதவு. எப்போதும் பூட்டியே கிடக்கும், பெரிய சர்க்கார் பூட்டு. ஆனால் கதவின் கீல் ஆணி இரண்டையும் வெளியிலிருந்தே மேலே தூக்கிவிடலாம். தூக்கினால் கதவு பூட்டு பூட்டியபடியே மறுபக்கம் திறந்துகொள்ளும். பூட்டு சர்க்காருக்கு, கீல் ஊருக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டில் காது குத்து, கல்யாணம், ஆடிக் கிருத்திகைக்கு வரும் உறவு என்று நாலு பேருக்கு ஆக்கிப்போடும்படி நேர்ந்தால், பாத்திரத்துக்குச் சொந்தக்காரி சந்துப்பக்கம் வந்து நிற்பாள். “பாய், மூணு நாளு” என்பாள். ரசூல் பாய் பத்திரம் கேட்கமாட்டார், பணயம் கேட்கமாட்டார். “மலையப் பாத்துச் சொல்லும்மா” என்பார். சந்திலிருந்து பார்த்தாலும் முருகன் மலை தெரியும். திருத்தணியில் மலை தெரியாத இடம் எது? அவள் மலையைப் பார்த்துக் கையெடுத்து, “மூணாம் நாளு வந்துரும்” என்பாள். மூன்றாம் நாள் வந்துவிடும்.

மலையைப் பார்த்துப் பொய் சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு வராது. பொய் சொல்லியே ஆகவேண்டும் என்றால் முதலில் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். சந்தையில் மாடு விற்கிறவன் எந்தப் பக்கம் பார்த்து நின்று பேசுகிறான் என்று கவனித்தே மாடு வாங்குவார் ரசூல் பாயின் தகப்பனார். மகனுக்கும் அந்தக் கண் உண்டு.

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதத்தில் தாக்கீது வந்தது. வரி வசூலெல்லாம் இனி ஒரே இடத்தில். இந்த ஆபீஸ் மார்ச்சு முப்பத்தொன்றோடு மூடல். ரைட்டருக்குப் புத்தூர் மாற்றல். ஜப்திச் சாமான் முழுவதும் சித்தூருக்குப் போகும். அங்கே ஒன்றொன்றாக ஏலம் கிடையாது, மொத்தமாக எடைக்குப் போட்டு உருக்கிவிடுவார்கள். ரசூல் பாய்க்கு வேறு வேலை இல்லை, பென்ஷன் உண்டு. அதற்கும் ஒரு முடிச்சு. சாமான் எல்லாம் ரிஜிஸ்தர்ப்படி சரி என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் பென்ஷன். ஒன்று குறைந்தாலும் அது போய்விடும், கேஸும் வரும்.

அந்த ஒரு மாதம் ரசூல் பாய்க்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு வீடாகப் போனார். “யம்மா, எங்கனா பொரட்டி மீட்டுக்கோ. சித்தூரு போச்சுன்னா உருக்கிருவானுங்க” என்று வாசலுக்கு வாசல் கெஞ்சினார். ஜப்திக்கு வந்தபோது கனைத்தவர் இப்போது கும்பிட்டார். சில பேர் மீட்டார்கள். சந்து வீட்டுத் தேவகி தாலிக் குண்டை அடகு வைத்துத் தன் கங்காளத்தை மீட்டுக்கொண்டு போனாள். முடியாதவர்களுடையது முப்பத்தொரு பாத்திரம் மிஞ்சியது. ரேஷன் காலம், அரிசிக்கே வழியில்லாதவன் அண்டாவை எங்கே மீட்பான்!

மிஞ்சியதில் பதினேழாம் நம்பர் கௌரியம்மாளுடைய கங்காளம். கணவன் இல்லாதவள், மகள் மணியம்மைக்கு மணவூரில் மாப்பிள்ளை. இருபத்தெட்டாம் தேதி அங்கேயே கல்யாணம். இருபத்தாறாம் தேதி சந்தில் வந்து நின்றாள். “பாய், உருக்கறதுக்குப் போறதுதான். போறதுக்கு முன்ன எம்பொண்ணு கல்யாணத்துக்கு ஒருவாட்டி அடுப்பு ஏறட்டும். இருவத்தொம்பது சாயங்காலம் வந்துரும்” என்று மலையைப் பார்த்துச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் முப்பத்தொன்றாம் தேதி வருவதாகக் கடிதம் இருந்தது. ரசூல் பாய் கீல் ஆணியைத் தூக்கினார்.

சித்தூர் இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் இருபத்தொன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கே வந்து இறங்கினார்.

சுருக்கமான மனிதர். பேச்சு சுருக்கம், மீசை சுருக்கம், பொறுமை அதைவிடச் சுருக்கம். பையில் அரக்கும் முத்திரையும் வைத்திருந்தார். கும்பிட்ட ரசூல் பாயை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சொல்லிட்டு வந்தா நீங்க சரி பண்ணி வெப்பீங்க. அதான் சொல்லாம வந்தேன். எங்கேய்யா ஜப்தி ரூம்?” என்றார்.

ரசூல் பாய் பின்னறையைக் கையால் காட்டினார். அறையில் பதினேழாம் இடம் வாய் பிளந்து காலியாகக் கிடக்கிறது. கங்காளம் மணவூரில். அங்கே ரயிலேறி, அரக்கோணத்தில் இறங்கி, வேறு வண்டி மாறி வரவேண்டும். சாயங்காலம்தான் வருவாள். அவள் சொன்ன சொல் தவறவில்லை, வந்தவன்தான் முந்திக்கொண்டான்.

நல்லவேளை, இன்ஸ்பெக்டர் உள்ளே போய் எண்ணவில்லை. வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். முன்கதவில் தன் பூட்டைப் போட்டு அரக்கு வைத்தார். சந்துப்பக்கம் போய்ச் சர்க்கார் பூட்டின்மேலும் அரக்கு வைத்தார். கீலை அவர் பார்க்கவில்லை. “சாப்பிட்டு வந்து எண்றேன். ரசூல், நீ என்கூட வா. பையை எடுத்துக்க” என்றார்.

 அறையில் ஓட்டை, கையில் துரையின் பை, நகர வழியில்லை. மலையடிவாரத்து ஹோட்டலுக்கு அவர் பின்னால் நடந்தார் ரசூல் பாய். வழியில் ஜட்கா ஸ்டாண்டில் சிங்காரம் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான்.

“சிங்காரம், அரக்கோணத்து வண்டி வந்திச்சா?”

“எதுக்கு பாய்?”

“ஒண்ணுமில்ல. கேட்டேன்.” கண்ணை மட்டும் இன்ஸ்பெக்டர் முதுகின் பக்கம் ஒருமுறை ஓட்டினார்.

சிங்காரம் புல்லைக் கீழே போட்டான். அவனுக்கும் அறையில் ஒரு தவலை இருக்கிறது, போன ஆடிக் கிருத்திகைக்கு இரவல் வந்துபோன தவலை. கௌரியம்மாள் கங்காளம் வெளியே இருப்பது அவனுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த வாய் அன்றைக்கு நல்லதுக்குத் திறந்தது. ஹோட்டலில் இன்ஸ்பெக்டர் இலை முன்னால் உட்காருவதற்குள் சந்துத் தெருவுக்கும், ரசூல் பாய் வீட்டுக்கும் செய்தி போய்விட்டது: சித்தூர்க்காரன் வந்துட்டான், பாய் மாட்டிகினாரு.

இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சாப்பிட்டார். ரசூல் பாய் ஹோட்டல் தூணோரமாக நின்றார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட இறங்கவில்லை. இருபத்தாறு வருஷம் எத்தனை வாசலில் நின்று கனைத்திருக்கிறோம், இப்போது நம் வாசலில் ஒருத்தன் கனைக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பென்ஷன் போனால் போகட்டும் என்று மனசு சொல்லவில்லை. அது போனால் ரோஷன் பீ என்ன சாப்பிடுவாள் என்றுதான் கேட்டது.

இரண்டு மணிக்கு அரக்கு உடைந்தது. பரந்தாமன் ரிஜிஸ்தரை விரித்துக்கொண்டு நம்பரைப் படிக்க, ரசூல் பாய் பாத்திரத்தைத் தட்டிக் காட்ட, இன்ஸ்பெக்டர் பென்சிலால் டிக் போட்டார். வாசலில் ஊர் கூட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று...  பதினான்காவதில் ரசூல் பாய்க்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. “சுருக்கா ஆகட்டும்யா” என்றார் இன்ஸ்பெக்டர். பதினைந்து. பதினாறு.

பதினேழாம் இடத்தில் கங்காளம் இருந்தது.

ரசூல் பாய் மூச்சை விட்டார். யா அல்லா, வந்துட்டாளா! ஆசையோடு ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது. ஓசை வேறு. இது கௌரியம்மாளுடையது இல்லை, தேவகியுடையது. தாலிக் குண்டை வைத்து மீட்டுக்கொண்டு போனாளே, அதே கங்காளம்.

“பதினேழு: பித்தளைக் கங்காளம். காது ரெண்டு. ஒரு காதுல ஒட்டுப்போட்டது” என்று படித்தார் பரந்தாமன்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். இரண்டு காதும் முழுசு. ஒட்டைக் காணவில்லை. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். சந்துக் கதவோரம் கிடந்த சாக்குக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாத்திரம் நின்றன. ஒன்று கங்காளம், காதில் ஒட்டு. விடியற்காலையே மணவூரில் ரயிலேறிவிட்ட கௌரியம்மாள், ஸ்டேஷனில் சிங்காரம் சொன்னதைக் கேட்டு ஓடிவந்து, அறையின் இருட்டில் தன் கங்காளத்தின் இடம் நிறைந்திருப்பதைப் பார்த்துக் குழம்பி, ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னொன்று செம்பு. ஈயம் பூசிய தேக்சா. அதைத் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே ரசூல் பாய்க்கு இல்லை.

மூன்று பெண்களுக்கும் கீல் தெரியும். அவளவள் தான் ஒருத்திதான் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் ஒட்டுப்போட்ட கங்காளத்துக்குள் கைவிட்டு, கழுத்து மடிப்பில் ஒட்டியிருந்ததை நகத்தால் கிள்ளி எடுத்தார்.

“ரசூல், இது இன்னா?”

“சோறு, சார்.”

“வரியாபீஸ்ல யாருய்யா சோறாக்கனது?”

வாசலில் யாரோ சிரித்து, சிரித்ததற்குத் தலையில் குட்டு வாங்கினார்கள்.

“ரிஜிஸ்தர்ல முப்பத்தொண்ணு. இங்க முப்பத்துமூணு” என்றார் இன்ஸ்பெக்டர், மீதியையும் எண்ணிவிட்டு. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “கொறைஞ்சிருந்தா எங்கயோ போச்சுன்னு எழுதுவேன். கூட இருந்தா இன்னா அர்த்தம் தெரியுமா? ரசீது இல்லாம, சர்க்கார் பேரைச் சொல்லி மெரட்டி, ஊர்க்காரன் வீட்டுப் பாத்திரத்தை நீயா எடுத்துகினு வந்து வெச்சிருக்கே. திருட்டைவிட மோசம் இது. பென்ஷன் இல்ல, ஜெயிலு.”

பரந்தாமனுக்கு முகம் வெளிறிவிட்டது. குடை பிடித்து நின்ற மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே முன்வந்து வாய் திறந்தார். “சார், உரிமையாளர் இல்லாத சாமான்னு ஒரு வகை இருக்கு. ரிஜிஸ்தர் கடைசிப் பக்கத்துல எழுதிட்டா அதுவும் சித்தூருக்குப் போயிடும். யாரும் கேக்கமாட்டாங்க. ரசூல் பாய் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கேஸ் எழுதினால் நாலு நாள் இந்த ஊரிலேயே கிடக்க வேண்டும். ரசூல் பாயின் நரைத்த தாடியையும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். வாசலுக்கு வந்தார். “இந்த ஒட்டில்லாத கங்காளம் யாருது? சொல்லுங்க. சொந்தக்காரர் இருந்தா இப்பவே தூக்கிகினு போகலாம்.”

தேவகி முன்வரிசையில் நின்றிருந்தாள். சொன்னால் எப்படி உள்ளே வந்தது என்று கேட்பான். பாயின் கதை முடிந்துவிடும். அவள் மெல்லத் திரும்பினாள். மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “எங்குளுது இல்லீங்க” என்றாள்.

“இந்தச் செம்பு?”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரோஷன் பீயும் திரும்பினாள், அவளும் மலைக்கு முதுகு காட்டி. “தெரியாதுங்க.”

பெண்களைப் பார்த்து ஆண்கள் திரும்பினார்கள். சிங்காரம் திரும்பினான். அரை நிமிஷத்தில் வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் மலைக்கு முதுகு காட்டி நின்றது. ஏன் இந்த ஜனம் இப்படித் திரும்பிக்கொள்கிறது என்று சித்தூர்க்காரருக்கு விளங்கவில்லை. ரசூல் பாய்க்கு விளங்கியது. 

“அப்ப அநாதைச் சாமான்தான். கையெழுத்தைப் போடு. ஒப்படைப்பு சரின்னு நான் போட்டுடறேன்” என்று பேனாவை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

ரசூல் பாய் பேனாவை வாங்கிக்கொண்டார். தெலுங்குதான் எழுத வராதே தவிர, தன் பெயரை எழுதத் தெரியும். வாசலில் ரோஷன் பீ திரும்பாமலே தலையை மட்டும் ஆட்டினாள், போடு என்று. போட்டுவிட்டால் பென்ஷன். இரண்டு பாத்திரம்தான். ஊரே சம்மதித்துக் கொடுத்தது.

பழக்கம் விடவில்லை. கையெழுத்துக்கு முன்னால் குனிந்து தேக்சாவை ஒரு தட்டுத் தட்டினார். செம்புக்குப் பித்தளையின் நாதம் வராது. ‘தொப்’பென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் உள்ளே ஏதோ உருளும் சத்தம். மூடியை நகர்த்திப் பார்த்தார்.

அடியில் ஒரு மஞ்சள் துண்டு கிடந்தது.

இரவல் என்று வைக்கவில்லை அவள். எண்ணி முடித்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்றும் வைக்கவில்லை. ஒரேயடியாகத்தான் அனுப்பியிருக்கிறாள், தாய்வீட்டுச் சீரை. தேவகியின் கங்காளத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அதிலும் ஒரு துண்டு. தாலிக் குண்டைக் கொடுத்து மீட்டவள் திரும்ப மஞ்சள் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பாவிங்களா, பாவிங்களா என்று வாய்க்குள்ளேயே அழுதார் ரசூல் பாய். இருபத்தாறு வருஷமாகப் பெண்கள் கீழே வைத்த பாத்திரத்தைத்தான் தூக்கிப் போயிருக்கிறார். நோட்டீஸ் இல்லாமல், கனைக்காமல் ஒரு வீட்டில் எடுத்ததில்லை. கடைசியில் இதுவா?

பேனாவை மூடி ரிஜிஸ்தர்மேல் வைத்தார்.

“இது அநாதை இல்ல சார்.”

“ரசூல்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இது தேவகியம்மா வூட்டுக் கங்காளம். இது எம்பொண்டாட்டி சீரு. அந்த ஒட்டுப்போட்ட கங்காளம் கௌரியம்மாளுது. நாந்தான் குடுத்தனுப்பிச்சேன், பொண்ணு கல்யாணத்துக்கு. இன்னைக்கு மட்டும் இல்ல சார். இதுல அடுப்பு ஏறாத பாத்திரமே கெடையாது. கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். எல்லாம் திரும்பி வந்துச்சு. ஒண்ணுகூட வராம இல்ல.”

“நான் எதுவும் கேக்கல. நீ எதுவும் சொல்லல. இருபத்தாறு வருஷம்யா. யோசிச்சுக்க.”

“ஆங். யோசிச்சிட்டேன் சார். எழுதிக்குங்க. முப்பத்தொண்ணும் சரியாகீது. இந்த ரெண்டும் அவங்கவங்க வூட்டுக்குப் போவட்டும்.”

“அப்போ உன் பென்ஷன்?”

ரசூல் பாய் டவாலியைத் தலைவழியாகக் கழற்றினார். வாரத்துக்கு ஒருமுறை பாத்திரங்களோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்த பில்லை, அறையின் இருட்டிலும் பளிச்சென்று இருந்தது. அதைக் கோட்டு முனையால் ஒருமுறை துடைத்தார். இன்ஸ்பெக்டர் கையில் கொடுக்கவில்லை. ரிஜிஸ்தருக்குப் பக்கத்தில் கீழே வைத்தார். பிறகு தேக்சாவுக்குள் கையை விட்டு அந்த மஞ்சள் துண்டை எடுத்து, பில்லையின் மேல் வைத்தார்.